கீழே விழுந்த குஞ்சுக்கு முதலில் சூடு, அப்புறம்தான் தீனி

பினாங்குத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கொண்டைக்குருவி பூச்சட்டியிலேயே கூடு கட்டும். மைனா கூரை இடுக்கில் புகுந்துகொள்ளும். பெருமழை அடித்து ஓய்ந்தால் வாசலில் குஞ்சு கிடக்கும். எங்கள் வாசலில் கிடந்த மைனாக் குஞ்சு இப்போது பறந்துவிட்டது. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதா? அது பறக்கப் பழகுகிறது, தாயும் பக்கத்தில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத புதரில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

2. தோல் தெரிகிறது, கண்ணும் திறக்கவில்லை என்றால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். கூடு பிய்ந்திருந்தால், அடியில் ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் காய்ந்த புல்லைப் போட்டு அதே இடத்தில் கட்டுங்கள். முசுறு எறும்பு ஏறும் கிளை மட்டும் வேண்டாம். அப்புறம் தூரத்தில் நின்று பாருங்கள்.

3. தாய் வரவேயில்லையா? பெட்டியில் டிஷ்யூ விரித்து, துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு பக்கமாக வையுங்கள். குளிர்ந்த உடம்புக்குத் தீனி செரிக்காது. கையில் எடுத்தால் கதகதப்பாகத் தெரிய வேண்டும். அதுவரை எதுவும் ஊட்டாதீர்கள்.

4. இங்கேதான் நிறையக் குஞ்சுகள் சாகின்றன. பாவம், தாகமாக இருக்கும் என்று வாயில் தண்ணீர் சொட்டுகிறார்கள். குஞ்சு வாயைப் பிளக்கும்போது உற்றுப் பாருங்கள்: நாக்கின் அடிப்பக்கம் சின்னத் துளை ஒன்று திறந்து மூடும். அதுதான் மூச்சுப் பாதை. தண்ணீர் அதில் இறங்கினால் நேரே நுரையீரல்தான். தேவையான ஈரம் தீனியிலேயே கிடைத்துவிடும்.

அவசரத்துக்குப் பூனை பிஸ்கட்டை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் பிழிந்து, சின்னச் சின்னதாகக் கிள்ளி, அந்தத் துளையைத் தாண்டி உள்ளே வையுங்கள். முனை மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கிதான் என் தேர்வு. சிரிஞ்ச் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் அழுத்தினாலும் அளவு கூடிவிடும். பால், ரொட்டி கூடாது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அரை மணிக்கு ஒருமுறை ஊட்டுங்கள், இரவில் தூங்க விடுங்கள். தின்றதும் திரும்பி, பின்பக்கத்தைத் தூக்கி, சவ்வு மூடிய வெள்ளை எச்சம் போட்டால் நன்றாகச் செரிக்கிறது.

5. இதெல்லாம் தற்காலிகம்தான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. அதனால் மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: புறாக் குஞ்சு வாயே திறக்கவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். புறா அப்படித்தான். தாயின் வாய்க்குள் அலகை நுழைத்து, தீனிப்பையில் ஊறும் பாலைக் குடிக்கும். பலவந்தமாகத் திறக்காதீர்கள், சூடாக வைத்து, பறவை பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனை கவ்விய குஞ்சும் அப்படியே. காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூனை எச்சில் விஷம்தான், அன்றைக்கே மருந்து வேண்டும்.