வயிற்று ஸ்கேனுக்குக் காலை முதல் நேரம்

டாக்டர் முழு வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், ஸ்கேன் சென்டரில் காலையின் முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள். இரவு உணவை எண்ணெய் குறைவாகச் சீக்கிரமே முடித்துவிடுங்கள். காலையில் ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வீட்டிலேயே நான்கைந்து டம்ளர் வெறும் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீர் கழிக்காமல் போங்கள். அங்கே போய் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

தூங்கும் நேரமே பட்டினி நேரமாகிவிடுவதால் பித்தப்பை விரிந்து நிற்கும், கல் இருந்தால் தெளிவாகத் தெரியும். பால் கலந்த காபி குடித்தாலும் அது சுருங்கிவிடும், அதனால் 'ஒரு வாய் காபிதானே' என்று குடித்துவிடாதீர்கள். அப்புறம், இந்த ஸ்கேனில் பயன்படும் நுண் ஒலியலை காற்றைத் தாண்டிப் போகாது. நிறைந்த சிறுநீர்ப்பை வாயு நிறைந்த குடலை ஒதுக்கிவிடுவதால், அந்தச் சிறுநீர்ப்பை வழியாகக் கருப்பை, புராஸ்டேட் எல்லாம் நன்றாகத் தெரியும்.

தைராய்டு, மார்பக ஸ்கேன்களுக்கு இதெல்லாம் வேண்டாம். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாகத்தான் இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. தண்ணீர் எவ்வளவு என்பது மாதத்தைப் பொறுத்து மாறும், சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்களும், சிறுநீரக, இதய நோய்க்காகத் தண்ணீர் அளவு குறைக்கப்பட்டவர்களும் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. கடும் வலி என்றால் எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.