ஹெடர் வெப்பத்தைப் பொனட்டுக்குள் அடக்கும் முறை

ஹெடர், அதாவது என்ஜினின் புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மனிஃபோல்டுக்குப் பதிலாக இடும் உருக்குக் குழாய்த் தொகுதி, பொருத்திய காருக்குக் கொழும்பில் உண்மையான சோதனை நெடுஞ்சாலையில் அன்று, மாலை ஐந்தரை மணிக்குப் பேஸ்லைன் வீதியில் ஊர்ந்து செல்லும்போதுதான் வருகிறது. வேகமாக ஓடும்போது குழாய்கள் கூடுதலாகச் சூடேறினாலும், முன்பக்கத்தால் நுழையும் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். நெரிசலில் இருப்பதோ ரேடியேற்றர் விசிறி ஒன்றுதான். அதுவும் ரேடியேற்றரின் சூட்டையே என்ஜின் பக்கம் தள்ளுகிறது. போதாததற்கு, பழைய வார்ப்பிரும்பு மனிஃபோல்டைக் கழற்றும்போது அதன் மேலிருந்த தகட்டுக் கவசத்தையும் நாம் கழற்றி எறிந்துவிடுகிறோம்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். ஆனால் பளபளக்கும் குழாயில் அதைப் பிடித்தால் உண்மையை விடக் குறைவாகவே காட்டும் என்பதால், வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்டில் ஒரு சிறு பொட்டு வைத்து அங்கே அளக்க வேண்டும். குழாயை விட முக்கியமானவை அதன் அயலில் இருப்பவை: பிரேக் மாஸ்டர் சிலிண்டர், எரிபொருள் குழாய், வயர்க் கட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார். நெரிசலில் ஓடி வந்து என்ஜினை நிறுத்தி, பொனட்டைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டுவிட்டு இவற்றை அளந்தால்தான் உண்மை நிலை தெரியும். நிறுத்திய பின் காற்றோட்டமும் குளிர்நீர்ச் சுற்றோட்டமும் நின்றுபோவதால் அப்போதுதான் சூடு சுற்றியுள்ள பாகங்களுக்குள் ஊறுகிறது. நீர் உறிஞ்சிய டொட் 3 பிரேக் ஒயில் 140 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் பாருங்கள்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஹெடருக்கு அருகே தொங்கும் வயர்களையும் குழாய்களையும் கழற்றி, தூரமான வழியில் கொண்டுசென்று கட்டுங்கள். பலர் இதைத் தாண்டிப்போய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

அடுத்தது கவசம். வெப்பக் கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் (கெல்வினில் அளக்கும் வெப்பநிலை) நான்காம் வலுவுக்கேற்ப ஏறுவதால், 300 பாகையில் இருந்த குழாய் 500 பாகைக்குப் போகும்போது அது வீசும் வெப்பம் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. இடையில் நிற்கும் ஒரு பளபளப்பான தகடு அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அலுமினியம் 660 பாகையில் உருகும் என்பதால் குழாயை ஒட்டிய இடத்துக்கு மெல்லிய துருப்பிடிக்காத உருக்குத் தகடே நல்லது. தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு விரற்கடை அளவாவது காற்றிடைவெளி இருக்க வேண்டும். தகடு குழாயைத் தொட்டால் அதுவும் இன்னொரு அடுப்பாகிவிடும். அரை மீற்றர் நீளமான துருப்பிடிக்காத உருக்குக் குழாய் 500 பாகை சூடேறும்போது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீள்வதால், ஆணித் துளைகளைச் சற்று நீள்வட்டமாக அராவி விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் தகட்டில் வெடிப்பு விழும், அல்லது கடகடவென்று சத்தமிடும்.

துணி போன்ற வெப்ப நாடாவைச் சுற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதைக் கடைசியில் வைக்கிறேன், காரணம் இருக்கிறது. காலி வீதிப் பக்கம் குடியிருந்த காலத்தில் சாதாரண உருக்கு ஹெடர் ஒன்றுக்கு நாடா சுற்றினேன். ஒரு மழைக்காலம் கழித்து அவிழ்த்தபோது, நாடாவின் உட்புறத்தில் செம்மண்ணைப் போலத் துரு அப்பிக்கிடந்தது. இரண்டாவது குழாயின் வளைவில் ஸ்க்ரூட்ரைவரை அழுத்தினேன், முனை உள்ளே போய்விட்டது. மழைநீரையும் உப்புக் காற்றையும் நாடா பிடித்து வைத்துக்கொள்ளும். ஒயில் கசிந்து அதில் ஊறினால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஹெடர் தேடுபவர்கள், நாடா சுற்றியே விற்கப்படும் பழைய குழாயை அவிழ்த்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். வசதியிருந்தால் குழாயைக் கழற்றி உள்ளும் புறமும் செராமிக் பூச்சு இடுவதே நம் காலநிலைக்குப் பொருத்தமானது.

நாடாதான் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத உருக்குக் குழாய்க்கு மட்டும் சுற்றுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் நாடாவைத் தண்ணீரில் நனைத்து, இறுக்கி இழுத்தபடி ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேல் கால் அங்குலம் ஏறும்படி சுற்றி, உலோகப் பட்டியால் கட்டுங்கள். ஒட்சிசன் சென்சரையும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டரையும் மூடிவிடாதீர்கள். முதல் ஓட்டத்தில் புகை வரும். அதைத் திறந்த வெளியில் வைத்துச் செய்வது நல்லது.

ஒரு வாரம் ஓடிய பின், என்ஜின் குளிர்ந்த நிலையில் சிலிண்டர் ஹெட்டுடன் சேரும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். அந்த மூட்டில் கசிவைத் தடுக்க வைக்கும் கஸ்கட்டின் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது என்று பொருள். அந்தச் சூடான பீச்சு வயர்க் கட்டின் பக்கம் திரும்பியிருந்தால், கஸ்கட்டை மாற்றும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதே மேல்.