காற்றுக்கே கத்திய வேலி சென்சார்: சரிசெய்த விதம்

செயின் லிங்க் வேலியில் அதிர்வு சென்சார் கேபிள் (யாராவது வேலியை வெட்டினாலோ ஏறினாலோ அந்த அதிர்வை உணர்ந்து அலாரம் அடிக்க வைப்பது) போட்ட ஆலைகளில், ஆடிக் காற்று தொடங்கியதும் இரவெல்லாம் பொய் அலாரம் வரும். உடனே சென்சிட்டிவிட்டியைக் குறைக்காதீர்கள். அப்புறம் கம்பியை வெட்டினாலும் அலாரம் வராமல் போகலாம்.

முதலில் வேலியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தூண்களுக்கு நடுவே வலை தொளதொளவென்று ஆடினால் கோளாறு அங்கேதான். டர்ன்பக்கிள் என்ற இறுக்கும் திருகியைத் திருகி இழுவைக் கம்பியை இறுக்கி, வலையைத் தூணோடு புதிதாகக் கட்டினோம். ஒரு மூலையில் மட்டும் தொங்கி, படபடவென்று அடித்துக்கொண்டிருந்த எச்சரிக்கைப் பலகைகளை நாலு மூலையிலும் போல்ட் போட்டு முடுக்கினோம். வலையில் உரசிய கருவேலங்கிளைகளையும் வெட்டியாயிற்று. பாதி அலாரத்துக்கு மேல் இதிலேயே நின்றுவிட்டது.

அடுத்தது, கேபிளை வலையோடு கட்டும் டை. சாதாரண வெள்ளை நைலான் டை வெயிலில் மொறுமொறுத்து ஒடிந்துவிடும். தொங்கும் கேபிள் வலையில் மோதும் ஒவ்வொரு முறையும் சிக்னல்தான். வெயில் தாங்கும் கறுப்பு டை அல்லது ஸ்டீல் டை, 30 செ.மீ.க்கு ஒன்று போடுங்கள். கேபிள் நசுங்கும்படி இழுக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகே செட்டிங். 30 விநாடிக்குள் 3 தட்டு பதிவானால்தான் வெட்டு என்று அலாரம் வரும்படி வைத்தோம். ஏறுவதற்குத் தனி அளவு. ஒவ்வொரு ஸோனிலும் (அலாரம் தனித்தனியாகக் காட்டும் வேலிப் பகுதி) வலை நடுவிலும் தூண் அருகிலும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிச் சோதியுங்கள். மூலைத் தூண் கனமானது, அதிர்வை விழுங்கிவிடும். அங்கே கேபிளை ஒரு சுற்று கூடுதலாக ஓட்டுங்கள்.