கொழும்பில் சித்தியைச் சாப்பிடக் கூட்டிப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, யாழ்ப்பாண பஸ் ஏறும் முன் கொழும்பில் இரண்டு நாள் நிற்பவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு இரவு, வெள்ளவத்தைச் சொந்தக்காரரை நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடக் கூட்டிப் போக ஆசை வரும். போங்கள். ஆனால் இடம் தேடுவதற்கு முன் கலண்டரைப் பாருங்கள்.

முதலில் போயா. பௌர்ணமி நாளில் நாடு முழுக்க மது விற்பனை இல்லை, பார்கள் பூட்டிக்கிடக்கும். வெசாக்குக்கு இரண்டு நாள். அடுத்தது வெள்ளிக்கிழமை, மரக்கறி நாள். நீங்கள் ரொறன்ரோவில் கிழமை பார்ப்பதை விட்டு வருடக்கணக்காகியிருக்கலாம், சித்தி விட்டிருக்க மாட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நாங்கள் கூட்டமாக ஊருக்குப் போகும் காலமே நல்லூர்த் திருவிழாக் காலம்தான். கொடியேறினால் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) தொடாத வீடுகள் உண்டு. அந்த வீட்டு ஆட்களை நண்டுக்குப் பேர்போன கடையில் கொண்டுபோய் இருத்தினால், அவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடிப்பார்கள்.

நண்டு என்றால் கொழும்புக் கோட்டையில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடம். தடித்த சுவர், ஓட்டுக்கூரை, நடுவில் திறந்த முற்றம். அதைப் புதுப்பித்து 2011இல் உணவகங்களுக்கும் கடைகளுக்கும் கொடுத்தார்கள். மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்ற நண்டுக் கடை அங்கேதான் இருக்கிறது. சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தன, குமார் சங்கக்கார இருவரும் சேர்ந்து தொடங்கியது. முன்கூட்டியே மேசை சொல்லி வைக்காமல் போக வேண்டாம். நண்டு எடைக்கணக்கில்தான் விலை. அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை போகும். ஓடர் கொடுக்கும்போதே எத்தனை கிராம், என்ன விலை என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, அங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

அமைதியாக இருந்து கதைக்க வேண்டுமானால் கொள்ளுப்பிட்டிப் பக்கம் கலரி கபேக்குப் போகலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்த இடம். அவருடைய பழைய மேசை இன்னும் அங்கே இருக்கிறது. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க காலிமுக ஹோட்டல் விறாந்தை. 1864இல் தொடங்கிய ஹோட்டல். அங்கே ஒரு தேத்தண்ணியோடு ஒரு மணி நேரம் இருந்தாலே எனக்குப் போதும்.

சரி, விலைக்கு வருவோம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், அது நீங்கள் கொடுக்கப்போகும் விலை இல்லை. 5000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்த்தால் 5500. அதற்கு மேல் 18 வீதம் வற் வரி போட்டால் 6490. ஆகவே மெனு விலையோடு கிட்டத்தட்ட 30 வீதத்தைக் கூட்டியே மனதில் கணக்குப் போடுங்கள். கார்ட் மெஷின் டொலரிலா ரூபாயிலா என்று கேட்டால் ரூபாய் என்று சொல்லுங்கள். டொலரைத் தொட்டால் மாற்று விகிதத்தில் பெரும்பாலும் நட்டம் உங்களுக்குத்தான். சேவைக் கட்டணம் பில்லில் இருந்தாலும், பரிமாறிய தம்பியின் கையில் தனியாகக் கொஞ்சம் காசு கொடுப்பது நல்லது.

இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு. சித்தியின் கணக்கு வேறு. போன தடவை கோட்டைப் பக்கம் ஓரிடத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். மெனுவை வாங்கினார், கண்ணாடியை எடுத்துப் போட்டார், வலது பக்க ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனார். பிறகு மூடி வைத்துவிட்டு, "எனக்குப் பெரிசாப் பசியில்லை மோனை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார். ஒரு சூப்புக்கு மேல் அசையவில்லை. அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான்: மெனுவை இணையத்தில் பார்த்து, முதல் நாளே போன் பண்ணி எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பெரியவர்கள் கையில் மெனுவே போகாது. பில்லையும் மேசையில் வைத்துப் பார்ப்பதில்லை, கை கழுவப் போகிற சாட்டில் கல்லாவில் கட்டிவிட்டு வந்துவிடுவேன்.

குடியைப் பொறுத்தவரை, பெரியவர்களோடு போகிற இரவில் கிளாஸ் வேண்டாம் என்பது என் கருத்து. சித்தப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் மச்சான்மார் அவருக்கு முன்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிவார்கள். அவர்களோடு இன்னொரு இரவு தனியாகப் போங்கள். வைனுக்கும் விஸ்கிக்கும் காசைக் கொட்டாமல் தென்னஞ்சாராயத்தில் செய்த கொக்டெயில் கேளுங்கள். ஊரில் இஞ்சிப் பியரோடு கலந்து அடித்த அதே சாராயம்தான், இங்கே தேசிக்காய்த் துண்டும் பெரிய ஐஸ் கட்டியும் போட்டு வரும். குடிக்கும் வயது 21. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் போட்ட விதியை 2018 ஜனவரியில் எடுப்பதாக அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் போட்டார்கள். ஆனாலும் இந்த மாதிரி இடங்களில் பெண்களுக்கும் கேள்வியில்லாமல் பரிமாறுகிறார்கள்.

ஆண்கள் அரைக்காற்சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டுப் போனால் சில இடங்களில் வாசலோடு திருப்பிவிடுவார்கள். உள்ளே ஏசி நடுங்க வைக்கும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள். பரிமாறுகிறவர் ஆங்கிலத்தில் தொடங்கினாலும் ஒரு தடவை தமிழில் கேட்டுப் பாருங்கள். பதுளையோ ஹட்டனோ சொந்த ஊராக இருந்தால் முகம் மலரும், அன்றைக்கு எந்த மீன் நல்லது என்ற உண்மையும் வரும். திரும்பி வர பிக்மி என்ற போன் செயலியில் ஆட்டோ பிடிக்கலாம்.

சித்தியைப் பட்டினியோடு வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாமல் அன்று ஆட்டோவைக் காலிமுகத்திடலில் நிறுத்தினேன். கடற்காற்றில் வண்டிக்காரர் இறால் வடையைச் சூடாகத் தாளில் வைத்து, வெங்காயச் சம்பலைத் தூவிக் கொடுத்தார். இறாலை முழுசாக வாலோடு கடித்துவிட்டு, "இன்னும் ரெண்டு வாங்கு" என்றார் சித்தி.