கலிஃபோர்னியா இனக் கணக்கு கூட்டினா ஏன் 139 வருது?

ஊர்லேர்ந்து மச்சான் வாட்ஸப்ல ஒரு பட்டியல் அனுப்பி "ஏன்டா, உங்க கலிஃபோர்னியா சதவீதத்தை எல்லாம் கூட்டினா 139 வருதே, அங்க யாருக்கும் கூட்டல் தெரியாதா"ன்னு கேட்டான். கேள்வி நியாயம்தான், நானும் மொதல்ல இதுல மண்டை காஞ்சவன்.

விஷயம் என்னன்னா 2020 சென்சஸ் ஃபார்ம்ல ரெண்டு கேள்வி இருந்துச்சு. மொதல்ல நீ ஹிஸ்பானிக்கா (அதாவது மெக்சிகோ மாதிரி ஸ்பானிஷ் பேசற நாட்டு வம்சாவளியா), அப்புறம் உன் இனம் என்ன. மெக்சிகோ வம்சாவளி ஆளு ஒருத்தர் மொத கேள்விக்கு ஆமான்னுட்டு ரெண்டாவதுல வெள்ளையர்னோ 'வேற இனம்'னோ டிக் பண்ணலாம். இனப் பட்டியல் தனியாவே 100 ஆயிடும், அது மேல ஹிஸ்பானிக் 39.4-ஐயும் சேர்த்தா 139 வராம என்ன பண்ணும்?

அதனால சென்சஸ் பீரோவோட டேட்டா சைட்ல 2020 கணக்குல எல்லாரையும் இனவாரியா மட்டும் போட்ட பி1 (P1) டேபிளை விட்டுட்டு பி2-வைத் (P2) தொறங்க, அதுல ஹிஸ்பானிக்கைத் தனியா பிரிச்சிட்டு மத்தவங்களை மட்டும் இனவாரியா போட்டிருப்பாங்க. ஹிஸ்பானிக் 39.4, வெள்ளையர் 34.7, ஆசியர் 15.1, கறுப்பர் 5.4, ஒண்ணுக்கு மேல இனம் சொன்னவங்க 4.1, மிச்சம் சில்லறை.

எவ்வளவு கலவையான ஊர்னு பாக்கணுமா, கால்குலேட்டரை எடுங்க. ஒவ்வொண்ணையும் 100-ஆல வகுத்து அதையே அதால பெருக்குங்க: 0.155, 0.120, 0.023, 0.003, 0.002. கூட்டினா 0.303, 1-லேர்ந்து கழிச்சா 0.697. அதாவது கண்ணை மூடிட்டு ரெண்டு பேரைப் புடிச்சா அவங்க வேற வேற பிரிவா இருக்க கிட்டத்தட்ட 70% வாய்ப்பு, சென்சஸ்காரங்க சொல்ற 69.7-ம் இதேதான். ஹவாய் மாநிலத்துல இது 76, மெய்ன் (Maine) மாநிலத்துல வெறும் 18.5.

பழைய வருஷத்தோட ஒப்பிடும்போது உஷார்! பி1-ல வெள்ளையர் 2010-ல 57.6, 2020-ல 41.2, இதை வெச்சு "வெள்ளைக்காரங்க காலி"ன்னு கத்தினவங்க நிறைய, ஆனா ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரை மட்டும் பாத்தா 40.1-லேர்ந்து 34.7, அவ்வளவுதான். மீதி பெரும்பாலும் கேள்வி கேட்ட விதமும் எழுதினதைப் பிரிச்ச விதமும் மாறினதால, ஹிஸ்பானிக் மக்கள் பலரு 'வேற இனம்', 'ரெண்டு இனம்' பக்கம் போயிட்டாங்க.

நம்மாளுங்க கணக்கு இன்னும் காமெடி, 1970 சென்சஸ்ல இந்தியரை வெள்ளையர்ல சேர்த்திருந்தாங்க, 1980-லதான் 'ஏசியன் இண்டியன்'னு தனிக் கட்டம் வந்துச்சு.

தமிழர் எத்தனை பேர்னு இந்த டேபிள்ல தேடாதீங்க, கிடைக்காது. சென்சஸ் பீரோ வருஷா வருஷம் கொஞ்சம் பேர்கிட்ட மட்டும் எடுக்கற ஏசிஎஸ் (ACS) சர்வேல B16001-னு மொழி டேபிள் இருக்கு, அதுல தமிழ் தனி வரி. ஆனா அது வீட்ல பேசற மொழி, அஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும், அதனால எதுக்கும் இங்கிலீஷ்லயே பதில் சொல்ற என் பையன் மாதிரி கேஸெல்லாம் அந்த வரியில சேருமாங்கறது ஃபார்ம் ஃபில் பண்ற அப்பா கையிலதான் இருக்கு.