ராத்திரி ரெண்டு மணிக்கு லிங்க் அனுப்பாதீர்கள்

ஒரு நல்ல ஃபேன்ஃபிக்கை (பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை) படித்து முடித்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மணி ராத்திரி ரெண்டு, கண் எரிகிறது, மூக்கு அடைத்திருக்கிறது, கை தானாகவே வாட்ஸ்அப்பைத் திறந்து தோழிக்கு லிங்கை அனுப்பிவிடுகிறது. கூடவே "டீ இதைப் படி, நான் செத்துட்டேன்" என்று ஒரு வரி, நாலு அழுகிற எமோஜி. காலையில் அவள் ஒரு தம்ஸ் அப் போடுகிறாள். அதோடு அந்த லிங்கின் கதை முடிந்தது. அப்புறம் கடைக்காரர் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, கேஸ் புக்கிங் எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இப்படிப் பல வருடம் அனுப்பியும் இருக்கிறேன், வாங்கிப் படிக்காமல் விட்டும் இருக்கிறேன். தவறு பெரும்பாலும் அனுப்புகிறவர் பக்கம்தான்.

"செத்துட்டேன்" என்ற வரியில் வாங்குகிறவருக்குத் தேவையான ஒரு தகவலும் கிடையாது. எந்தக் கதையை வைத்து எழுதியது, எவ்வளவு நீளம், முடிந்ததா தொங்குகிறதா, எந்த இடத்தில் அடிக்கும், எதுவும் இல்லை. இத்தனைக்கும் ஏஓ3 என்று நாம் சொல்கிற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ஃபேன்ஃபிக் தளத்தில் கதை தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு பெட்டி போட்டு இதையெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள்: ரேட்டிங், எச்சரிக்கை, ஜோடி, டேக், வார்த்தைக் கணக்கு, அத்தியாயக் கணக்கு. எழுதியவர் மெனக்கெட்டு நிரப்பின விஷயம் அது. நாம் அதை உதறிவிட்டு அழுகிற எமோஜியை மட்டும் அனுப்புகிறோம்.

இதில் மோசமான தவறு, மூலக்கதை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது. இதில் நானே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். 2022 செப்டம்பரில் பொன்னியின் செல்வன் முதல் படம் வந்த கையோடு, அதுவரை நாவலைத் தொடாத நண்பர்கள்கூடப் படிக்க ஆரம்பித்தார்களே, அந்த நேரம். என் தோழி ஒருத்தி இரண்டாம் பாகத்தில் இருந்தாள். நந்தினியின் பார்வையில் எழுதப்பட்ட ஒரு ஃபேன்ஃபிக்கை, "சின்னதுதான், சும்மா படிச்சுப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். முதல் பத்தியிலேயே கரிகாலன் செத்துக் கிடக்கிறான். அவள் போன் செய்து கத்தினாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல், "இது சரித்திரம்டி, உடையார்குடிக் கல்வெட்டிலேயே கொன்னவங்க பேர் வரைக்கும் இருக்கு, இதுல என்ன ஸ்பாய்லர்?" என்று வாதாடினேன். கல்வெட்டை வைத்து ஒரு ஸ்பாய்லரை நியாயப்படுத்தியது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவள் ஒரு மாதம் நாவலைத் தொடவில்லை. (இதைப் படிக்கும் நீங்களும் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால், உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. படம் மட்டும் பார்த்தவருக்கு மணிமேகலையைப் பற்றிய கதையை அனுப்பினால், "யார் இந்தப் பொண்ணு?" என்றுதான் கேட்பார், ஏனென்றால் படத்தில் அவளே கிடையாது. கந்தமாறனுக்கு ஒரு தங்கை உண்டு, அவள் நாவலின் கடைசியில் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள், அதைப் பொறுக்க முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று முழுப் பின்கதையையும் சொன்ன பிறகு அந்த ஃபேன்ஃபிக்கில் என்ன சுவாரசியம் மிஞ்சும்? அதனால் அனுப்பும்போது ஒரு வரி போதும். "நாவல் முழுசா முடிச்சிருக்கணும்", அல்லது "படம் பார்த்திருந்தாலே போதும்", அல்லது "ஒண்ணும் தெரிய வேண்டாம், பேர் மட்டும்தான் அவங்களோடது, நடக்கிறதெல்லாம் ஒரு காபிக்கடையில்". கடைசி வகையைத்தான் ஏயூ, அதாவது ஆல்டர்நேட் யுனிவர்ஸ், என்கிறார்கள். ஃபேன்ஃபிக் பழக்கமே இல்லாதவருக்கு முதலில் கொடுக்க இந்த வகை நல்லது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. தெரிந்த பாத்திரம் தெரியாத வழியில் போகிறதைப் பார்ப்பதுதானே இதில் சுகம்.

மொழியையும் சொல்லிவிடுங்கள். பொன்னியின் செல்வன் ஃபேன்ஃபிக் என்றதும் தமிழ் என்று நினைத்து ஆசையாகத் திறப்பார்கள், நிறைய ஆங்கிலத்தில் இருக்கும்.

அடுத்தது எச்சரிக்கைகள். ஏஓ3-இல் நான்கு விஷயத்துக்குத் தனி எச்சரிக்கை உண்டு: கொடூரமான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் சாவு, பாலியல் வன்முறை, வயது வராதவர்களைப் பாலியல்ரீதியாகக் காட்டுவது. இவை எதுவும் இல்லை என்றால் "எச்சரிக்கை எதுவும் பொருந்தாது" என்று போடுவார்கள். "எச்சரிக்கை தர எழுத்தாளர் விரும்பவில்லை" என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். இரண்டாவதன் அர்த்தம், உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கலாம், துணிச்சல் இருந்தால் வா என்பது. நீங்கள் முழுக்கப் படித்தவர், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்வதால் கதையின் ருசி கெட்டுவிடாது. அப்பாவை இழந்து ஆறு மாதம் ஆகாத ஒரு பெண்ணுக்கு, பக்கம் பக்கமாக ஐசியூ வாசலில் நடக்கிற கதையை "செம எமோஷனல்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது சிபாரிசு இல்லை.

ரேட்டிங்கும் அப்படித்தான். குடும்ப குரூப்பில் தவறுதலாகப் பெரியவர்களுக்கான கதையின் லிங்கைப் போட்டு, பிரிவ்யூவில் அதன் சுருக்கமும் சேர்ந்து வந்து, அதற்குச் சித்தப்பா "குட் மார்னிங்" ரோஜாப்பூ படம் போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யார் குரூப் என்று சொல்லமாட்டேன்.

முடியாத கதைகள். அத்தியாயக் கணக்கில் 12/? என்று இருந்தால், மொத்தம் எத்தனை என்று எழுதுகிறவருக்கே தெரியாது. அதைக் கொடுப்பதில் தவறில்லை, தொடர்கதை படித்து வளர்ந்த ஊர்தானே இது, 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடருக்காக வாரா வாரம் கல்கி பத்திரிகைக்குக் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம். ஆனால் அப்போது கல்கி வாரம் தவறாமல் வந்தது. இங்கே பன்னிரண்டாம் அத்தியாயத்தின் தேதியைப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு முன்னால், கீழே "எக்ஸாம் முடிஞ்சதும் வர்றேன்" என்று ஒரு குறிப்பு, அவருக்கு இந்நேரம் வேலையே கிடைத்திருக்கும். அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

நீளத்தை வார்த்தைக் கணக்கில் சொல்லாமல் நேரக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். 18,000 வார்த்தை என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ரெண்டு லட்சம் வார்த்தை என்றால் ஒரு தடியான நாவல், அதை "டைம் கிடைக்கும்போது பாரு" என்று எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

இன்னொன்று, பத்து லிங்கை ஒன்றாக அனுப்புவது. வாங்கியவர் பத்தில் ஒன்றைக்கூடத் திறக்கமாட்டார். ஒன்று அனுப்புங்கள், அதுவும் முடித்து நாலு நாள் கழித்து, அப்போதும் அந்தக் கதை மனசில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு. எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு உலகத்தின் தலைசிறந்த கதையாகத் தெரிந்த பலவற்றின் பெயர்கூட ஞாயிற்றுக்கிழமைக்குள் மறந்துபோயிருக்கிறது. சாதாரண நாவல்களுக்கும் இதேதான். புத்தகக் கண்காட்சியிலிருந்து திரும்பிய சூட்டில் படித்த முதல் புத்தகத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பிப்ரவரியில் யாராவது "அது எப்படி?" என்று கேட்டால் விழிக்கிற கூட்டத்தில் நானும் உண்டு.

"வெறும் ஃபேன்ஃபிக்தான், ஆனா நல்லா இருக்கும்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுப்பதையும் விடுங்கள். நீங்களே கூசினால் அவர் ஏன் திறக்கப்போகிறார்? அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹ்யூகோவையே ஏஓ3 தளம் 2019-இல் வாங்கிவிட்டது. பொன்னியின் செல்வனைக் கல்கி முடித்த இடத்திலிருந்து எழுத்தாளர் விக்கிரமன் நந்திபுரத்து நாயகி நாவலை எழுதினார், யாரும் அதை வெறும் என்று சொல்லவில்லை.

எழுதியவருக்குச் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. தளத்திலிருந்து பிடிஎஃப், ஈபப் எல்லாம் இறக்கிக்கொள்ளலாம், எழுத்தாளர் ஒருநாள் கதையை நீக்கிவிட்டால் உங்களிடம் பிரதி இருக்கும், நல்லது. ஆனால் அதை டெலிகிராம் குரூப்பில் ஏற்றிவிடாதீர்கள். காசு வாங்காமல் எழுதுகிறவருக்குக் கிடைப்பதே நாலு குடோஸும் (லைக் மாதிரி) ரெண்டு கமெண்டும்தான், அதையும் இப்படிப் பிடுங்கிக்கொள்கிறோம். சில கதைகள் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று பூட்டு போட்டிருக்கும். அது எழுதியவரின் விருப்பம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதைச் சுற்றிப் போகக் கூடாது. லிங்கைக் கொடுத்து, "பிடிச்சா ஒரு குடோஸ் போட்டுடு, கணக்கு இல்லாமலே போடலாம்" என்று சொன்னால் போதும்.

அனுப்பின பிறகு "படிச்சியா?" என்று கேட்கலாமா? ஒரே ஒரு தடவை. மூன்றாவது தடவைக்கு அவர் பொய் சொல்ல ஆரம்பிப்பார், "பாதி படிச்சிருக்கேன்" என்பார், எந்தப் பாதி என்று கேட்டால் நட்பு கெடும்.

கரிகாலன் விவகாரத்தில் கோபித்துக்கொண்ட அதே தோழி, ஒருவழியாக ஐந்து பாகமும் முடித்தாள். அப்புறம் நான் அனுப்பியது இது: "பொ.செ. ஃபேன்ஃபிக், இங்கிலீஷ். மணிமேகலை பிழைச்சிருந்தா என்ன ஆகும்னு. நாவல் முடிச்சவங்களுக்குத்தான், நீ முடிச்சுட்ட. ஒன்றரை மணி நேரம், முடிஞ்ச கதை. நடுவுல ஒரு சாவு வருது, அவ இல்ல. கடைசி அத்தியாயம் படிச்சுட்டு சாப்பிடாம படுத்தேன்னு சொன்னியே, அதான் அனுப்பறேன்."

இரண்டாவது நாள் பதில் வந்தது. "வந்தியத்தேவன் இவ்ளோ நல்லவனா? நம்ப முடியல." அன்றைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதைப் பற்றித்தான் சண்டை.