உப்பு சிஸ்டம் போட்டும் நீச்சல் குளம் பச்சையாகிறதா? ஆரம்பத்திலிருந்து செய்முறை

உப்பு சிஸ்டம் வைத்துவிட்டால் குளோரினே தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்கள். நம்பாதீர்கள். நாம் போடுகிற உப்பு எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. குழாயில் பொருத்தும் 'செல்' என்ற பாகத்துக்குள் இருக்கும் டைட்டேனியம் தகடுகளில் மின்சாரம் பாயும்போது உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் உண்டாகிறது. வேலையைச் செய்வது அதுதான்.

பம்பும் ஃபில்டரும் ஒழுங்காக ஓடுகிற குளம் உங்களிடம் இருக்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏற்கெனவே பாசி பிடித்திருந்தால் முதலில் திரவ குளோரின் ஊற்றித் தெளிய வையுங்கள். செல் மெதுவாகத்தான் குளோரின் தரும், பாசியோடு போட்டி போட அதனால் முடியாது.

1. மெஷின்

பெட்டியில் 50,000 லிட்டர் என்று போட்டிருந்தால் அது முழு வேகத்தில் ஓட்டும் கணக்கு. உங்கள் குளத்தின் கொள்ளளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்கு வாங்குங்கள். செல்லின் உறை ஒளி ஊடுருவுவதாக இருந்தால் இன்னும் நல்லது. தகட்டில் வெள்ளைப் படிவு ஏறுவதைக் கழற்றாமலே பார்த்துவிடலாம்.

2. பொருத்துவது

ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் தாண்டி, தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் குழாயில் செல் கடைசியாக வர வேண்டும். பம்பு நின்றால் செல்லும் தானாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கக்கூடும். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

3. உப்பு

1,000 லிட்டருக்கு 1 கிலோ உப்பு போட்டால் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) ஏறும். பெரும்பாலான மெஷின்கள் 3,000 பிபிஎம்மைச் சுற்றித்தான் கேட்கும். கடல் நீரில் இருப்பது சுமார் 35,000. உங்கள் குளம் 50,000 லிட்டர், மெஷின் கேட்பது 3,200, தண்ணீரில் ஏற்கெனவே 600 இருக்கிறது என்றால் 130 கிலோ தேவை. ஆனால் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். முக்கால் பங்கு போட்டு, பிரஷ்ஷால் தள்ளிக் கரைத்து, செல்லை அணைத்து வைத்துப் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டி, அளந்த பிறகு மீதியைப் போடுங்கள். கூடிப்போன உப்பைக் குறைக்க, தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி. அயோடின், கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் எதுவும் இல்லாத சுத்தமான உப்பாக இருக்கட்டும்.

4. ஸ்டெபிலைசர்: பலர் கோட்டைவிடும் இடம்

மெஷினில் பச்சை விளக்கு எரியும், உப்பு சரி என்று காட்டும், குளம் மட்டும் பச்சையாகிக்கொண்டே போகும். காரணம் வெயில். ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம், இல்லாத தண்ணீரில் குளோரினை வெயில் சில மணி நேரத்தில் தின்றுவிடும். செல் செய்வதெல்லாம் அப்படியே வீண்.

ஸ்டெபிலைசரை 60 முதல் 80 பிபிஎம் வரை வையுங்கள். தூளை ஒரு பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் பீய்ச்சும் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டு, அவ்வப்போது கையால் பிசைந்துவிடுங்கள். தூள் கரைந்தாலும் டெஸ்ட்டில் சரியான அளவு தெரிய ஒரு வாரம் வரை ஆகலாம். மறுநாளே அளந்து, ஏறவில்லை என்று இன்னொரு பங்கு போட்டுவிடாதீர்கள். இதுவும் உப்பு மாதிரிதான், கூடினால் தண்ணீரை மாற்ற வேண்டும். இதுவரை குளோரின் மாத்திரை போட்டு வந்த குளமென்றால் ஸ்டெபிலைசர் ஏற்கெனவே ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அளக்காமல் தொடாதீர்கள்.

குளோரினை அளக்க எனக்குச் சொட்டு மருந்து கிட்தான் பிடிக்கும், டெஸ்ட் பட்டைகளின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது ஊகம்தான். கிட்டில் ரோஜா நிறமாக்கிய மாதிரித் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எந்தச் சொட்டில் நிறம் போகிறது என்று எண்ணுவதில் குழப்பமே வராது. ஸ்டெபிலைசர் 70 இருந்தால் குளோரினை 4, 5 பிபிஎம்மில் வைக்கிறேன்.

5. ஓட்டுவது

பம்பு 8 மணி நேரம், செல்லின் குளோரின் உற்பத்தி 50% என்று தொடங்குங்கள். ஓரிரு நாள் கழித்து அளந்து கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஏறிக்கொண்டே இருக்கும், அது இந்தச் சிஸ்டத்தின் சுபாவம். 7.8 தொட்டால் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள்.

பின்சேர்க்கை: "உப்பு குறைவு என்று மெஷின் கத்துகிறது, போடலாமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிட்டில் அளந்து பாருங்கள். உப்பு சரியாக இருந்தால், தகட்டில் படிவு ஏறியிருக்கும் அல்லது தண்ணீர் குளிர்ந்திருக்கும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பல மெஷின்கள் குளோரின் தயாரிப்பதையே நிறுத்திவிடும். படிவு என்றால் கையுறை போட்டு, செல்லைக் கழற்றி, நீர்த்த அமிலத்தில் நுரை அடங்கும்வரை ஊறவிட்டுக் கழுவுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. கம்பியால் சுரண்டவும் கூடாது, தகட்டின் பூச்சு போய்விட்டால் புது செல்தான் வாங்க வேண்டும்.